அபார்ட்மெண்ட் கதவுக்கு ஃபேஸ் லாக்: எதற்கு லைசென்ஸ் வேண்டும், எதற்கு வேண்டாம்?

கேள்வி: சென்னை ஓ.எம்.ஆர். பக்கம் ஸ்டில்ட்டும் (தூண்கள் மேல் நிற்கும் பார்க்கிங் தளம்) ஏழு மாடியுமாக 84 வீடுகள் கொண்ட குடியிருப்பின் செயலாளர் நான். லாபி, மாடிப்படி, மொட்டை மாடிக் கதவுகளுக்கு கார்டிலும் முகம் பார்த்தும் திறக்கும் பூட்டு போட கொட்டேஷன் வாங்கியிருக்கிறோம். மாநகராட்சி பர்மிட், போலீஸ் அனுமதி, செக்யூரிட்டி ஏஜென்சி லைசென்ஸ் மூன்றும் வேண்டும் என்கிறார் இங்கே குடியிருக்கும் ஒரு பெரியவர். பூட்டு போடுகிறவரோ "ஒண்ணுமே வேண்டாம் சார்" என்கிறார். யார் சொல்வது சரி?

பதில்: பெரியவர் கேட்ட மூன்றும் வேண்டாம். அதற்காக பூட்டுக்காரர் சொல்வதையும் அப்படியே எடுத்துக்கொள்ளாதீர்கள், அவர் விட்டுவிட்ட இடத்தில்தான் உங்களுக்கு வம்பு இருக்கிறது.

2005-ஆம் ஆண்டின் தனியார் பாதுகாப்பு முகமைகள் சட்டம் காவலுக்கு ஆள் அனுப்பும் நிறுவனங்களுக்கானது. பூட்டு மாட்டிவிட்டுப் போகிறவருக்கு அந்த லைசென்ஸ் தேவையில்லை, அதே ஆள் வாட்ச்மேனையும் சேர்த்து அனுப்புகிறேன் என்றால் கேட்டு வாங்குங்கள். இருக்கிற கதவில் பூட்டை மாற்றுவதற்குக் கட்டட அனுமதியும் தேவையில்லை. புதிதாக செக்யூரிட்டி அறை கட்டினாலோ, மாநகராட்சிக்குத் தானமாக எழுதிக்கொடுத்த சாலைக்கும் ஓ.எஸ்.ஆர். இடத்துக்கும் (பொதுத் திறந்தவெளிக்கு ஒதுக்கிய நிலம்) குறுக்கே கேட் போட்டாலோ கதை வேறு. அந்த இடம் உங்களுடையதே இல்லை.

சரி, இப்போது மாடிப்படிக் கதவுக்கு வருவோம். தமிழ்நாட்டில் 18.30 மீட்டரைத் தாண்டினால் உயரமான கட்டடம், உங்களுடையது கட்டாயம் அதில் வரும். 2019-ஆம் ஆண்டின் ஒருங்கிணைந்த கட்டட விதிகள் இத்தகைய கட்டடங்களின் தீப்பாதுகாப்புக்கு தேசியக் கட்டட விதித்தொகுப்பைத்தான் பின்பற்றச் சொல்கின்றன, அதன்படி வெளியேறும் கதவை உள்ளே இருப்பவர் சாவி இல்லாமல் திறக்க முடிய வேண்டும். கார்டும் முகமும் சாவிதானே? இந்த மாதிரிக் கதவுகளில் கரண்டில் இயங்கும் காந்தத்தால் கதவைப் பிடித்துக்கொள்ளும் மேக்னட் லாக் போடுவார்கள், அதில் சாதாரணமானதே சுமார் 270 கிலோ இழுவையைத் தாங்கும், புகைக்குள் நிற்கிற பாட்டி தோளால் இடித்தா திறப்பார்? கரண்ட் போனால் இந்த லாக் தானாக விட்டுவிடும் என்பார்கள், உண்மைதான், ஆனால் அதே கொட்டேஷனில் பேட்டரி பேக்கப்பும் இருக்கும், அதாவது கரண்ட் போனாலும் விடாது. அதனால் ஃபயர் அலாரம் அடித்த நொடியே எல்லா லாக்கும் விடுபடுவதுபோல் இணைப்பு, உள்பக்கம் ஒரு கைப்பிடி அல்லது பட்டன், பக்கத்தில் உடைத்துத் திறக்கும் அவசரப் பெட்டி, இந்த மூன்றும் ஒப்பந்தத்தில் எழுத்தில் இருக்கட்டும். உள்ளிருந்து வெளியே வர கார்டு கேட்கும் ரீடரை மாடிப்படியில் வைக்கவே வைக்காதீர்கள். தீயணைப்புத் துறைக்கும் ஒரு கடிதம் கொடுத்து ஒப்புகை வாங்கிவைத்தால், நாளைக்கு ஏதாவது ஆனால் முதலில் கேள்வி கேட்கப்படும் ஆளான உங்களுக்கு நல்லது.

அப்புறம் வயரிங். பூட்டுக்குப் போகும் 12 வோல்ட் பக்கம் பெரிய பிரச்சினை இல்லை. பொது மீட்டரிலிருந்து 230 வோல்ட் லைன் புதிதாக இழுப்பது மின் நிறுவல் வேலை, அதை மாநில அரசின் லைசென்ஸ் பெற்ற மின் ஒப்பந்ததாரர்தான் தகுதிச் சான்று உள்ளவரின் மேற்பார்வையில் செய்ய வேண்டும் என்கின்றன மத்திய மின்சார ஆணையத்தின் 2023 பாதுகாப்பு விதிகள். தமிழ்நாட்டில் இந்த லைசென்ஸைத் தருவது மின் உரிமம் வழங்கும் வாரியம். நகலைக் கேளுங்கள், இழுத்தடித்தால் ஆளை மாற்றுங்கள். ஸ்மார்ட் கார்டு ரீடரும் அதற்கான பவர் அடாப்டரும் இந்தியத் தர நிர்ணய அமைவனத்தின் (பி.ஐ.எஸ்.) கட்டாயப் பதிவுப் பட்டியலில் உள்ளவை, பொருளின் மேல் 'ஆர்' எழுத்தில் தொடங்கும் பதிவு எண் இருக்கிறதா என்று பாருங்கள். கருவி ரேடியோ அலையைப் பயன்படுத்தினால் அதற்கான வயர்லெஸ் சான்று வாங்குவது தயாரிப்பாளர் அல்லது இறக்குமதியாளரின் வேலை, உங்களுடையது இல்லை.

முகம் பார்க்கும் கருவி எனக்கு அவ்வளவு பிடித்ததில்லை. 2011-ஆம் ஆண்டின் தகவல் தொழில்நுட்ப விதிகளின்படியே முகம், கைரேகை போன்ற பயோமெட்ரிக் விவரம் கூடுதல் பாதுகாப்பு தேவைப்படும் தனிப்பட்ட தரவு, அதைச் சேகரிக்கும் நிறுவனம் எழுத்துபூர்வ சம்மதம் வாங்க வேண்டும். 2023-ஆம் ஆண்டின் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்துக்கு 2025 நவம்பரில் விதிகள் வந்துவிட்டன, முக்கியக் கடமைகள் 18 மாதம் கழித்து அமலாகும். அதன்பின் 18 வயதுக்குக் கீழே உள்ளவரின் முகத்தைப் பதிய பெற்றோரின் சரிபார்க்கத்தக்க சம்மதம் வேண்டும், பாதுகாப்பில் கோட்டை விட்டால் அபராதம் 250 கோடி வரை போகும். வீட்டு வேலைக்கு வரும் அம்மாவின் முகமும் தரவுதான், அவரிடமும் தமிழில் சொல்லிச் சம்மதம் வாங்குங்கள். முகம் தர மாட்டேன் என்பவருக்குக் கார்டு கொடுத்துவிட்டால் பாதிச் சண்டை வராது.

பொது இடத்தில் பொதுப் பணத்தில் செய்கிற வேலை இது, செயற்குழு மட்டும் முடிவெடுத்தால் போதாது. உங்கள் சங்கத்தின் பைலா (உள்விதிகள்) சொல்லும் பெரும்பான்மையோடு ஜெனரல் பாடி தீர்மானம் போடுங்கள்.

நீங்கள் கேட்கவில்லை, ஆனாலும் சொல்கிறேன். மெயின்டனன்ஸ் பாக்கி வைத்தவரின் கார்டை முடக்கும் வசதியையும் இப்போது ஆப்பிலேயே கொடுக்கிறார்கள். அதைத் தொடாதீர்கள். தன் வீட்டுக்குப் போகிறவரை வழிமறிப்பது இப்போதைய தண்டனைச் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவின் 126-ஆம் பிரிவின்படி முறையற்ற தடுப்பு, ஒரு மாதம் வரை சிறை அல்லது 5,000 ரூபாய் வரை அபராதம் அல்லது இரண்டும். பாக்கிக்கு நோட்டீஸ் அனுப்புங்கள், தராவிட்டால் வழக்குப் போடுங்கள்.