புதிய போக்கிமான் தொகுப்புகள்: வாங்கும் முன் சில கேள்விகள், சில பதில்கள்

தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களில் போக்கிமான் என்ற கற்பனை உயிரிகளின் படங்கள் அச்சிட்ட விளையாட்டு அட்டைகளைச் சேர்ப்பவர்கள் கேட்ட கேள்விகளுக்கு, 2023 முதல் ஒவ்வொரு வெளியீட்டையும் தொடர்ந்து கவனித்து வரும் சேர்ப்பாளர் ஒருவர் அளித்த பதில்கள் இவை. இந்த அட்டைகள் தொகுப்பு தொகுப்பாக வெளியாகும்; உள்ளே எந்த அட்டை இருக்கிறது என்று தெரியாத மூடிய பாக்கெட்டுகளில் விற்கப்படும்.

தருமபுரி, கல்லூரி மாணவர்: புதிய தொகுப்பு அறிவிக்கப்பட்டதும் முன்பதிவு செய்துவிடலாமா? சென்ற முறை நான்கு பாக்கெட் பிரித்தும் விரும்பிய அட்டை கிடைக்கவில்லை.

பாக்கெட் பிரிக்கும் மகிழ்ச்சிக்காக வாங்குகிறீர்களா, குறிப்பிட்ட ஓர் அட்டைக்காக வாங்குகிறீர்களா என்பதை முதலில் முடிவு செய்துகொள்ளுங்கள். மகிழ்ச்சிக்காக என்றால் நான்கு பாக்கெட்டுக்குக் கொடுத்த பணம் வீணாகவில்லை. அட்டைக்காக என்றால், பாக்கெட் பிரிப்பதைப் போலச் செலவு மிகுந்த வழி வேறில்லை. 151 என்ற தொகுப்பையே எடுத்துக்கொள்ளுங்கள்: அதில் 165 எண்கள் வரை வழக்கமான வரிசை, அதற்கு மேல் 207 வரை அரிய அட்டைகள். ஒரு பாக்கெட்டில் வருவதோ, எனர்ஜி அட்டையை (போக்கிமான் தாக்குவதற்கு ஆற்றல் தரும் அட்டை) விட்டுவிட்டால், பத்தே அட்டைகள். எல்லோரும் தேடிய சாரிசார்ட் இஎக்ஸ் (இஎக்ஸ் என்பது வலிமை மிகுந்த வகை) அட்டையின் எண் 199/165. முன்னால் உள்ள எண் பின்னால் உள்ளதைவிடப் பெரிதாக இருந்தால் அது வரிசைக்கு வெளியே அச்சிடப்பட்ட அரிய அட்டை என்று பொருள். அதை நான்கு பாக்கெட்டில் எதிர்பார்ப்பது நியாயமில்லை.

ஆகவே அந்த அட்டையை மட்டும் தனியாக வாங்குங்கள். அதையும் முதல் வாரத்தில் வாங்காதீர்கள். நம் ஊரில் பருவம் தொடங்கும்போது மண்டிக்கு வரும் முதல் கூடை மாம்பழத்துக்கு என்ன விலை சொல்வார்கள் என்பதை நீங்களே பார்த்திருப்பீர்கள். வெளியீட்டு நாளில் பிரிக்கப்பட்ட பாக்கெட்டுகள் குறைவு, கேட்பவர்கள் அதிகம். நாள் செல்லச் செல்லப் பெரும்பாலான அட்டைகளின் விலை இறங்கிவிடும். 2025 ஜனவரி 17 அன்று வெளியான பிரிஸ்மாட்டிக் எவல்யூஷன்ஸ் கடைகளில் உடனே தீர்ந்துபோனது. மேலும் அச்சிட்டு வருவதாக அட்டைகளை வெளியிடும் நிறுவனமே அறிவித்தது. அந்த அறிவிப்பைப் படித்த பிறகும், பொறுமையில்லாமல் ஒரு பெட்டிக்கு ஏறக்குறைய இரட்டிப்பு விலை கொடுத்து வாங்கியவன் நான் என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

காவேரிப்பட்டணம், ஒரு தாய்: என் மகன் பேருந்து நிலையத்துக்கு அருகிலுள்ள கடையில் தங்க நிற அட்டைகளை முப்பது ரூபாய்க்கு வாங்கி வருகிறான். அவை உண்மையானவையா? அவனுடைய தாத்தா இதைச் சீட்டாட்டம் என்று கடிந்துகொள்கிறார்.

அவை போலி என்று பார்க்காமலே சொல்லலாம். உண்மையான தங்க நிற உலோக அட்டைகளும் உண்டு. ஆனால் 2021இல் வந்த செலிப்ரேஷன்ஸ் தொகுப்பின் பெரிய பெட்டியைப் போன்ற, விலை மிகுந்த சிறப்புப் பெட்டிகளுக்குள் மட்டுமே அவை வந்தன. முப்பது ரூபாய்க்கு ஒருபோதும் வந்ததில்லை. மகனிடம் உள்ள ஓர் அட்டையை எடுத்து, அதன் இடது கீழ் மூலையைப் பாருங்கள். அண்மைக்கால ஆங்கில அட்டையில் அங்கே சிறு கட்டத்துக்குள் ஓர் எழுத்து, தொகுப்பின் சுருக்கப் பெயர், எண், அரிய தன்மையைக் காட்டும் குறி ஆகியவை பொடி எழுத்தில் இருக்கும். வட்டம் என்றால் சாதாரண அட்டை, சாய்சதுரம் என்றால் அதற்கு மேல், நட்சத்திரம் என்றால் அரியது. என்னிடம் ஒரு சிறுவன் காட்டிய தங்க அட்டையில் அந்த மூலை வெறுமையாக இருந்தது. தாக்குதலின் பெயரிலோ இரண்டு எழுத்துப்பிழைகள்.

மகனைத் திட்ட வேண்டாம். அவனுக்கு அந்தப் படம் பிடித்திருக்கிறது, அவ்வளவுதான். உண்மையான அட்டை என்று நம்பி நண்பனுடன் மாற்றிக்கொள்ளாமல் பார்த்துக்கொண்டால் போதும். தாத்தாவிடம், இதில் பணம் கட்டி ஆடுவதில்லை என்றும், இருவரும் அறுபது அட்டைகள் கொண்ட கட்டுடன் அமர்ந்து, எதிராளியின் போக்கிமானை வீழ்த்தும்போது கிடைக்கும் பரிசு அட்டைகள் ஆறையும் முதலில் எடுக்க முயலும் கணக்கு விளையாட்டு என்றும் எடுத்துச் சொல்லுங்கள். முடிந்தால் அவரையும் ஓர் ஆட்டம் ஆட வையுங்கள். ஆடு புலி ஆட்டம் தெரிந்தவருக்கு இது கடினமாக இருக்காது.

அரூர்: 151 தொகுப்பின் ஆங்கிலப் பதிப்பில் 36 பாக்கெட் கொண்ட முழுப் பெட்டியைக் குறைந்த விலைக்குத் தருவதாக ஒருவர் சொல்கிறார். வாங்கலாமா?

வேண்டாம். 151, பால்டியன் ஃபேட்ஸ், பிரிஸ்மாட்டிக் எவல்யூஷன்ஸ் போன்ற சிறப்புத் தொகுப்புகளுக்கு ஆங்கிலத்தில் 36 பாக்கெட் பெட்டியே வெளியிடப்படவில்லை. இல்லாத பொருளை எவ்வளவு மலிவாகக் கொடுத்தாலும் நட்டம்தான்.

ஓசூர்: ஜப்பானியப் பதிப்பு முன்னதாகவே வந்துவிடுகிறதே, அதையே வாங்கினால் என்ன?

சேர்ப்பதற்காக என்றால் தாராளமாக வாங்குங்கள். அச்சுத் தரம் எனக்கு ஆங்கிலப் பதிப்பைவிடப் பிடித்திருக்கிறது. பாக்கெட்டில் பொதுவாக ஐந்து அட்டைகளே இருக்கும் என்பதை மட்டும் விலையை ஒப்பிடும்போது மறந்துவிடாதீர்கள். ஆடுவதற்காக என்றால், போட்டியை நடத்துபவரிடம் எந்த மொழி அட்டைகளை அனுமதிக்கிறார் என்று முதலில் கேட்டுக்கொள்ளுங்கள். பெங்களூருவுக்குப் பேருந்து ஏறிப் போய்த் திரும்பி வருவதைவிட ஒரு தொலைபேசி அழைப்பு மலிவு.

அடுத்த ஆங்கிலத் தொகுப்பில் என்ன வரும் என்பதை முன்கூட்டியே அறியவும் ஜப்பானிய வெளியீடு உதவும். 2025 ஆகஸ்ட் 1 அன்று ஜப்பானில் மெகா பிரேவ், மெகா சிம்ஃபோனியா என்று இரண்டாக வந்தவையே, எட்டு வாரங்கள் கழித்து, செப்டம்பர் 26 அன்று மெகா எவல்யூஷன் என்ற ஆங்கிலத் தொகுப்புக்கு அடிப்படையாயின. அந்த எட்டு வாரங்களில் மெகா லூகாரியோ இஎக்ஸ், மெகா கார்டெவாயர் இஎக்ஸ் ஆகியவற்றை ஜப்பானிய ஆட்டக்காரர்கள் எப்படிப் பயன்படுத்துகிறார்கள் என்று பார்த்தவர்களுக்கு, எதை வாங்க வேண்டும் என்ற குழப்பமே இருக்கவில்லை. மெகா அட்டை வீழ்ந்தால் எதிராளி மூன்று பரிசு அட்டைகளை எடுத்துக்கொள்வார் என்பதால், வலிமையை மட்டும் பார்த்து அவசரப்படாதீர்கள்.

பாலக்கோடு: இரண்டு ஆண்டுகளுக்கு முன் வாங்கிய அட்டைகளைப் போட்டியில் பயன்படுத்த முடியுமா?

முன்பு சொன்ன மூலையிலுள்ள அந்த ஓர் எழுத்துதான் விடை. ஸ்டாண்டர்டு எனப்படும் முதன்மைப் போட்டி முறையிலிருந்து 2023இல் டி, 2024இல் இ, 2025 ஏப்ரல் 11 அன்று எஃப் என்று பழைய எழுத்துகள் ஒவ்வொன்றாக விலக்கப்பட்டு வந்திருக்கின்றன. எனினும், உங்களிடமுள்ள பழைய அட்டை அதே பெயரில், அதே செயல்பாட்டுடன், செல்லுபடியாகும் எழுத்தில் மீண்டும் அச்சிடப்பட்டிருந்தால் பழையதையும் பயன்படுத்தலாம். அடிப்படை எனர்ஜி அட்டைகளுக்கு இந்தக் கவலையே இல்லை.

ஊத்தங்கரை: பெட்டிகளைப் பிரிக்காமல் வைத்திருந்தால் நல்ல இலாபம் கிடைக்குமா?

சிலருக்குக் கிடைத்திருக்கிறது. மகளின் கல்லூரிக் கட்டணத்தை இதை நம்பி வைக்காதீர்கள்.

பென்னாகரம்: மழைக்காலத்தில் மினுக்கு அட்டைகள் வளைந்துவிடுகின்றன. சரிசெய்ய முடியுமா?

முடியும். அட்டையின் பின்பக்கம் காகிதம். அது ஈரத்தை உறிஞ்சி விரியும். முன்பக்க மினுக்குப் படலம் விரியாது. அதனால் அட்டை முன்பக்கமாகக் குழிந்து வளைகிறது. இஸ்திரிப் பெட்டியால் தேய்ப்பவர்களைப் பார்த்திருக்கிறேன்; தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள், படலம் உரிந்துவிடும். உறையிலிட்டு, மூடி இறுகப் பொருந்தும் டப்பாவில், புதிய செருப்புப் பெட்டிகளில் கிடைக்கும் சிலிக்கா ஜெல் பொட்டலங்கள் இரண்டுடன் வைத்து, மேலே சற்று எடையும் வைத்துவிடுங்கள். பெரும்பாலும் சில நாட்களில் நிமிர்ந்துவிடும். டப்பாவைச் சமையலறைப் பரணில் வைக்காதீர்கள், அரிசி வேகும் ஆவியெல்லாம் அங்கேதான் போய்ச் சேர்கிறது.