பச்சை பிடிக்கும் நாள்

அன்புள்ள ஐயா,

எனக்கு 25 வயது. வேளாண் பட்டயம் படித்தவள். ஊர் மன்னார்குடிக்குப் பக்கம். இரண்டு வருஷம் ஒரு சின்ன நாற்றுப் பண்ணையில் வேலை பார்த்தேன். சம்பளம் குறைவு, வேலை பிடித்திருந்தது. இந்த ஜூனில், மேட்டூர் அணை திறந்த வாரம், ஓர் இடுபொருள் நிறுவனத்தில் ‘கள ஆலோசகர்’ என்று சேர்ந்தேன். மண் பரிசோதனை, விவசாயிகளுக்கு ஆலோசனை என்றுதான் நேர்முகத்தில் சொன்னார்கள். சேர்ந்த பிறகு பார்த்தால், மாதத்துக்கு இத்தனை பாட்டில் பயிர் ஊக்கி விற்றாக வேண்டும் என்பதுதான் வேலை. ஸ்கூட்டியில் கோட்டூர், திருத்துறைப்பூண்டி வரை அலைகிறேன். மனசுக்கு ஏமாற்றமாக இருக்கிறது.

“நட்ட நாத்து உடனே பச்சை பிடிக்குமா, ஒரு வருஷமாவது இரு” என்கிறார் அம்மா. ஆறு மாதத்துக்குள் விட்டால் அடுத்த இடத்தில் துருவித் துருவிக் கேட்பார்கள் என்கிறார்கள் தோழிகள். பழைய பண்ணைக்கே திரும்பிப் போகக் கூச்சமாக இருக்கிறது. நோட்டீஸ் காலம், பிஎஃப் எல்லாம் வேறு குழப்பம். மருந்தால் யாருக்கும் கெடுதல் இல்லை ஐயா, பலனும் பெரிதாக இல்லை, அவ்வளவுதான். போன வாரம்கூடக் கோட்டூர் பக்கம் ஒரு குத்தகைக்கார அக்கா, நட்ட பயிர் மஞ்சளாகவே நிற்கிறது என்று கேட்டார். இரண்டு பாட்டில் கொடுத்துவிட்டு வந்தேன். இந்த வேலையில் இருப்பதா, விடுவதா?

ம.

அன்புள்ள ம,

உங்கள் கடிதம் வந்த அன்று காலையில் நானும் ஒரு மஞ்சள் நடவைப் பார்த்துக்கொண்டுதான் வரப்பில் நின்றிருந்தேன். எங்கள் பக்கத்து வயல் அது. நட்டு 20 நாளாகியும் பயிர் எழும்பவில்லை. வயல்காரரும் நானும் பேசிக்கொண்டிருந்தது இதையேதான்: இது தானாகத் தேறுமா, தேறாதா? வீட்டுக்கு வந்து கடிதத்தைத் திறந்தால் உங்கள் அம்மா அதே நாற்றோடு நிற்கிறார். அதனால்தான் உடனே எழுதுகிறேன்.

முதலில் சில்லறை விஷயங்கள். நோட்டீஸ் காலம் எவ்வளவு என்பது உங்கள் நியமனக் கடிதத்திலேயே இருக்கும், எடுத்துப் படியுங்கள். அசல் சான்றிதழ்களை வாங்கி வைத்திருக்கிறார்கள் என்றால், வேறு எது பேசுவதற்கும் முன்னால் அவற்றைத் திரும்ப வாங்குங்கள். விடுவிப்புக் கடிதம் இல்லாமல் வெளியே வராதீர்கள். பிஎஃப் பணத்தை எடுத்துச் செலவழிக்க வேண்டாம், புது இடத்துக்கு மாற்றிக்கொள்ளலாம். ஆறு மாதத்தில் ஏன் விட்டாய் என்று யாராவது கேட்டால் நடந்ததைச் சொல்லுங்கள். பழைய பண்ணைக்குப் போகக் கூச்சம் என்பதற்கெல்லாம் பதில் எழுத எனக்குப் பொறுமை இல்லை. வயிற்றுப்பாட்டுக்கு உழைக்கப் போவதில் என்ன கூச்சம்?

அம்மாவின் நாற்றுக்கு வருகிறேன். அந்தச் சொல்லை நம் பக்கத்தில் எல்லோரும் எல்லாவற்றுக்கும் எடுத்து வீசுகிறார்கள். புகுந்த வீட்டில் அழுகிற பெண்ணுக்கு, விடுதியில் சாப்பிடாத பிள்ளைக்கு, துபாயிலிருந்து திரும்பி வர நினைக்கிறவனுக்கு, எல்லோருக்கும் ‘பச்சை பிடிக்கட்டும், பொறு’ என்பதுதான். சொல்கிறவர்கள் யாரும் அந்த நாற்றைக் குனிந்து பார்ப்பதில்லை. நீங்கள் படித்தவர், உங்களுக்குத் தெரிந்ததைத்தான் சொல்லப்போகிறேன். ஆனாலும் சொல்கிறேன்.

நாற்றைப் பிடுங்கும்போது வேர் அறுகிறது. புது வேர் விடும்வரை அதனால் சத்தை இழுக்க முடியாது. அதனால் வெளிறுகிறது, தலை தொங்குகிறது. ஒரு வாரம், மிஞ்சிப் போனால் பத்து நாள். அதற்குள் நிமிர்ந்துவிடும். பச்சை பிடிப்பது என்று நம் பெரியவர்கள் சொன்னது அந்தப் பத்து நாளைத்தான். பதினைந்தாம் நாளும் மஞ்சளாகவே நிற்கிற வயலைப் பார்த்துவிட்டு, ‘இன்னும் ஒரு வருஷம் போகட்டும்’ என்று துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு வீட்டுக்குப் போன விவசாயி ஒருவரையும் நான் கண்டதில்லை. வயலில் இறங்குவார். அடி இலை முதலில் மஞ்சளித்ததா, தழைச்சத்து போதவில்லை. குருத்திலையின் அடிப்பாகம் நடுநரம்பை ஒட்டி வெளுத்து, கீழ் இலையில் துருப்பிடித்த மாதிரி புள்ளி இருக்கிறதா, துத்தநாகம் போதவில்லை. இரண்டும் இல்லையா, வடிகால் அடைத்துத் தண்ணீர் தேங்கி வேர் மூச்சு முட்டுகிறதா என்று வாய்க்கால் பக்கம் நடப்பார். பத்து நாளில் தானாகத் தேறும் மஞ்சள் ஒன்றுதான். மற்றது எல்லாம் நாம் கை வைத்தால்தான் தேறும்.

உங்கள் கணக்கையும் பார்ப்போம். மேட்டூரை ஜூன் 12ல் திறந்தார்கள். அந்த வாரம் சேர்ந்தீர்கள். இன்று அக்டோபர் கடைசி. 140 நாள் ஆகிறது. ஆடுதுறை 45 நெல்லுக்கு மொத்த ஆயுளே 110 நாள்தான். நீங்கள் வேலையில் சேர்ந்த அன்று நாற்றங்காலில் தெளித்த விதை, நாற்றாகி, நட்டு, பச்சை பிடித்து, பக்கக் கிளை வெடித்துத் தூர் கட்டி, கதிர் வாங்கி, அறுத்து, கொள்முதல் நிலையத்தில் 40 கிலோ சிப்பமாகி லாரி ஏறிவிட்டது. நீங்கள் மட்டும் இன்னும் பச்சை பிடிக்கவில்லை என்று காத்துக்கொண்டிருக்கிறீர்கள். அம்மாவிடம் இதைச் சொல்லுங்கள். அவர் நாற்றுக் கட்டு சுமந்தவராக இருந்தால் மறுபேச்சுப் பேசமாட்டார்.

காத்திருக்கிற நாற்றுக்கும் வயது ஏறும். தண்ணீர் தள்ளிப்போகிற வருஷங்களில், 2024ல் மேட்டூரை ஜூலை 28க்குத்தான் திறந்தார்கள், கடைமடைக்காரர்களுக்கு இருந்த பயமே அதுதான். குறைந்த வயது நெல்லை 20 நாளுக்குள், நீண்ட வயது நெல்லை 40 நாளுக்குள் பிடுங்கிவிட வேண்டும். தாண்டினால் நாற்று சாகாது, தூர் குறையும், அவ்வளவுதான்.

‘அவ்வளவுதான்’ என்று நான் எழுதிய இந்த இடத்திலேயே உங்கள் ‘அவ்வளவுதான்’ ஞாபகம் வருகிறது. கடிதத்தை மூன்று முறை படித்தேன். மூன்று முறையும் அந்த இடத்தில்தான் நின்றேன். கெடுதல் இல்லை, பலனும் பெரிதாக இல்லை, அவ்வளவுதான்.

இல்லையம்மா. அவ்வளவு இல்லை.

அந்த அக்கா உங்களிடம் ஒரு கேள்வி கேட்டார். பயிர் ஏன் மஞ்சளாக நிற்கிறது? அதற்குப் பதில் சொல்லத்தான் நீங்கள் இரண்டு வருஷம் படித்தீர்கள். வயலில் இறங்கினீர்களா? இலையைத் தொட்டுப் பார்த்தீர்களா? வண்டியை ரோட்டிலேயே நிறுத்தி, பெட்டியைத் திறந்து, இரண்டு பாட்டிலை எடுத்துக் கொடுத்திருக்கிறீர்கள். பாட்டில் என்ன விலை என்று எழுதவில்லை. ஆனால் நான் கடைகளில் பார்த்தவரைக்கும் இந்த மாதிரி பாட்டில் ஒன்றின் விலைக்கு யூரியாவே மூட்டைக்கணக்கில் வாங்கலாம். 45 கிலோ மூட்டை 266 ரூபாய் 50 காசுதான். குத்தகை நிலத்தில் இப்படிப் போகிற ஒவ்வொரு ரூபாயும் கடன் வாங்கின ரூபாய். நெல் விளைந்தாலும் விளையாவிட்டாலும் குத்தகை அளக்க வேண்டும், வட்டி கட்ட வேண்டும். இதைவிடப் பெரியது, பாட்டிலை அடித்துவிட்டு அவர் பத்து நாள் காத்திருப்பார். படித்த பெண் சொல்லியிருக்கிறது, சரியாகிவிடும் என்று காத்திருப்பார். துத்தநாகக் குறை என்றால் அந்தப் பத்து நாளில்தான் தூர் போகும். இது கெடுதல் இல்லையா?

உங்களுக்கு வந்தது ஏமாற்றம். அந்த அக்காவுக்கு நடந்தது ஏமாற்று. இரண்டையும் ஒரே கடிதத்தில் எழுதிவிட்டு, முதலாவதுக்கு மட்டும் என்னிடம் வழி கேட்கிறீர்கள்.

கோபமாக எழுதுகிறேன் என்று தெரிகிறது. உங்கள் மேல் இவ்வளவு கோபம் வருவதற்குக் காரணம் இருக்கிறது.

எனக்கு 22 வயதில் முதல் வேலை ஒரு தனியார் அரிசி ஆலையில். பெயர் வேண்டாம். நிர்வாகம் கற்றுத் தருகிறோம் என்று சொல்லிச் சேர்த்தார்கள். எடை மேடையில் உட்கார வைத்தார்கள். நெல்லைக் கையில் எடுத்து, ஈரம் பார்க்கும் கருவியில் போட்டு, எண்ணைச் சத்தமாகச் சொல்ல வேண்டும். 17க்கு மேல் போனால் மூட்டைக்கு இத்தனை கிலோ கழிவு. ஒரு மாதத்திலேயே, கருவி காட்டும் எண்ணோடு இரண்டைக் கூட்டிச் சொல்லச் சொன்னார்கள். நான் அப்பாவிடம் வந்து அழுதேன். ஒரு வருஷம் பல்லைக் கடித்துக்கொண்டு இரு, போகப் போகப் பழகிவிடும் என்றார் அப்பா. அவர் சொன்னதில் தப்பில்லை. வீட்டில் கல்யாணத்துக்கு அக்கா இருந்தார். நானும் வேலையில் இருந்தேன். பழகியும் விட்டது. அதுதான் எனக்கு இன்றைக்கும் பயம் தருகிறது.

தை மாதம், சம்பா அறுவடை. எங்கள் ஊர்ப் பெரியவர் ஒருவர் 12 மூட்டை கொண்டுவந்தார். சின்ன வயதில் என்னைத் தோளில் தூக்கித் தேர் காட்டியவர். வெயிலில் நான்கு நாள் காயவைத்த நெல், கையில் எடுத்தாலே கலகலவென்று உதிர்ந்தது. கருவி 16 காட்டியது. நான் 18 என்றேன். மூட்டைக்கு 2 கிலோ கழிவு. பக்கத்தில் நின்ற அவர் மகன் ‘எப்படி?’ என்று முன்னால் வந்தான். பெரியவர் அவன் கையைப் பிடித்து இழுத்து, “தம்பி சொன்னா சரியாத்தான்டா இருக்கும்” என்றார்.

அன்றே வேலையை விட்டிருந்தால் இந்தக் கதையை உங்களிடம் கொஞ்சம் தலை நிமிர்ந்து சொல்வேன். விடவில்லை. மறுநாளும் போனேன். அக்கா கல்யாணம் முடிகிறவரை போனேன். மொத்தம் பதினோரு மாதம். அடுத்த வருஷம் அவர் அதே ஆலைக்கு வந்து, நம்ம ஊர்த் தம்பி இல்லையா, அவன் இருந்தால் நியாயமாகப் போடுவான் என்று கேட்டாராம். அங்கே சுமை தூக்கினவர் ஒருவர் என்னிடம் வந்து சொன்னார். பெரியவர் இப்போது இல்லை. அந்த 24 கிலோவை நான் திருப்பிக் கொடுக்கவே இல்லை.

விடுவதா இருப்பதா என்று கேட்டீர்கள். விட்டுவிடுங்கள் என்றுதான் சொல்வேன், ஆனால் வீட்டு நிலைமை எனக்குத் தெரியாது, ஒரு மாதம் தள்ளிப்போகலாம், மூன்று மாதம்கூட ஆகலாம். அது உங்கள் கணக்கு. அதுவரை தெரியாத ஒன்றைத் தெரிந்த மாதிரி சொல்லி அந்தப் பாட்டிலைக் கொடுக்காதீர்கள். விற்பனை குறையும், மேலாளர் கத்துவார், கத்தட்டும்.

இந்த வாரம் மழை விட்ட ஒரு நாள் கோட்டூருக்குப் போய் வாருங்கள். நிறுவனத்துக்காக வேண்டாம். வயலில் இறங்கிக் குருத்திலையைப் பாருங்கள். துத்தநாகக் குறைதான் என்றால் உங்களுக்கே தெரியும், 100 லிட்டர் தண்ணீருக்கு அரை கிலோ துத்தநாக சல்பேட், ஒரு கிலோ யூரியா, கரைத்து இலை நனைய அடிக்கச் சொல்லுங்கள், 15 நாள் கழித்து இன்னொரு முறை. பாட்டிலுக்கு வாங்கின பணத்தைக் கையிலிருந்து திருப்பிக் கொடுக்க முடியுமானால் கொடுத்துவிடுங்கள். அக்கா வாங்கமாட்டேன் என்பார். வற்புறுத்திக் கொடுங்கள்.

வயல் பச்சை பிடித்ததும் எழுதுங்கள்.