ஸ்போர்ட்ஸ் கார்ல டிரைவிங் ட்ரெய்னிங் டே போறேன், அதுக்குன்னு தனியா டயர் வாங்கணுமா?

போர்ஷே 718 கேமன், 18 இன்ச் வீல், ஸ்ரீபெரும்புதூர் பக்கம் இருங்காட்டுக்கோட்டை ரேஸ் ட்ராக்ல ஒரு நாள் டிரைவிங் ஸ்கில்ஸ் பயிற்சி, இதுக்கு முன்னாடி ட்ராக்ல ஓட்டினதே இல்ல, மிஷெலின் கப் 2 மாதிரி ட்ராக்குக்குன்னே செய்யற டயர் ஒரு செட் போட்டுட்டுப் போகலாமான்னு கேட்டிருக்கீங்க. வேண்டாங்க. இப்ப வண்டில இருக்கற ரோட் டயர் நல்ல நிலைமைல இருந்தா அதுலயே போங்க, அந்தக் காசுல பிரேக் ஆயில் மாத்துங்க, நல்ல பிரஷர் கேஜ் ஒண்ணு வாங்குங்க, மீதிய அடுத்த ட்ரெய்னிங் ஃபீஸுக்கு வச்சுக்கோங்க.

ஏன்னு சொல்றேன். ஸ்கில்ஸ் டேன்னா லேப் டைம், அதாவது ட்ராக்கை ஒரு சுத்து சுத்த எவ்வளவு நேரம்னு, எடுக்கற நாள் இல்ல. முழு பிரேக் அடிச்சு நிறுத்தறது, வரிசையா வச்ச கோனுக்கு நடுவுல வளைஞ்சு வளைஞ்சு ஓட்டற ஸ்லாலோம், திடீர்னு லேன் மாத்தறது, ஈரத் தரையில ரவுண்டு அடிச்சு வண்டி எப்ப வழுக்க ஆரம்பிக்குதுன்னு பாக்கறது, கடைசியா இன்ஸ்ட்ரக்டர் பக்கத்துல உக்காந்து நாலஞ்சு லேப், பெரும்பாலும் இப்படித்தான் போகும். இதுல நீங்க கத்துக்க வேண்டியது டயர் பிடி விடற அந்த எல்லை எப்படி இருக்கும்ங்கறது. அந்த எல்லை கம்மி வேகத்துல வந்தாத்தான் பயமில்லாம திரும்பத் திரும்ப தொட்டுப் பாக்க முடியும். ரோட் டயர் பிடி விடறதுக்கு முன்னாடி கத்த ஆரம்பிக்கும், ஸ்டியரிங் லேசாகும், உங்களுக்கு சுதாரிக்க நேரம் குடுக்கும். ட்ராக் டயர் பொதுவா அவ்வளவு சத்தம் போடாது, கடைசி வரைக்கும் பிடிச்சுட்டு இருந்துட்டு போறப்ப டக்குனு போகும், அதுவும் அதிக வேகத்துல. 100ல வழுக்கற வளைவுல 120ல வழுக்கினா வித்தியாசம் 20 தானேன்னு தோணும், ஆனா வண்டி சுமந்துட்டுப் போற சக்தி 44 சதவீதம் ஜாஸ்தி, சுவர் வரைக்கும் இருக்கற மண்தரை அதே நீளம்தான். உங்களது மிட் எஞ்சின், அதாவது சீட்டுக்குப் பின்னாடி நடுவுல எஞ்சின் இருக்கற வண்டி வேற, வளைவுக்கு நடுவுல பயந்து ஆக்சிலரேட்டரை சட்டுனு விட்டா பின்னாடி சுத்திட்டு வர்ற குணம் உண்டு, அத மொத மொத கம்மி வேகத்துலயே பாத்துடறது நல்லது.

டொயோட்டா 2012ல 86 காரை வெளியிட்டப்ப வேணும்னே 215 சைஸ்ல சாதா மிஷெலின் ப்ரைமசி எச்பி போட்டுத்தான் குடுத்தாங்க, ஸ்போர்ட்ஸ் காருக்கு இது என்ன டயர்னு நிறைய பேர் சிரிச்சாங்க. கம்மி கிரிப் இருந்தா சாதாரண ஆளும் வண்டியோட ஆட்டத்தை உணர முடியும்ங்கறதுதான் அவங்க கணக்கு. எனக்கு அந்தக் கணக்கு சரின்னுதான் படுது.

இன்னொரு விஷயம், கிரிப் ஏறினா மத்ததுக்கு எல்லாம் வேலை ஏறும். லேட்டா பிரேக் அடிப்பீங்க, அழுத்தமா அடிப்பீங்க, டிஸ்க், பேட், ஆயில் எல்லாம் சூடாகும். டாட் 4ங்கற தரத்து பிரேக் ஆயில் புதுசா இருக்கறப்ப கொதிக்காம 230 டிகிரி வரைக்கும் தாங்கணும்னு விதி, ஈரம் இழுத்துட்டா அந்த அளவு 155 வரைக்கும் இறங்கலாம், நம்ம ஊர் ஈரக்காத்துல ரெண்டு வருஷம் பழசான ஆயிலோட ட்ராக்குக்குப் போனா பெடல் பஞ்சு மாதிரி உள்ள போகும். டயருக்கு முன்னாடி இத மாத்துங்கன்னு சொல்றது அதனாலதான். அக்டோபர்ல இருந்து டிசம்பர் வரைக்கும் போறீங்கன்னா மழை வேற இருக்கு, கப் 2 வகையோட வெளி ஓரத்துல பட்டனே (தரையத் தொடற ரப்பர்ல இருக்கற வரி, கட்டை) பேருக்குத்தான் இருக்கும், தேங்கின தண்ணில மிதக்க ஆரம்பிச்சிடும், அதுல ஸ்ரீபெரும்புதூர்ல இருந்து ஹைவேல வீட்டுக்கு ஓட்டிட்டு வர்றது உங்களுக்குத் தேவையா?

சரி, இருக்கற டயர் "நல்ல நிலைமை"ன்னா என்ன. டயரோட பக்கவாட்டுல, அதாவது சைடுவால்ல, DOTனு ஆரம்பிக்கற வரிசையோட கடைசி நாலு நம்பரைப் பாருங்க, 3221ன்னா 2021ல 32வது வாரம் செஞ்சது. ஆறு வருஷம் தாண்டிருச்சுன்னா பட்டன் எவ்வளவு இருந்தாலும் ட்ராக்குக்கு எடுத்துட்டுப் போகாதீங்க, ரப்பர் கெட்டியாயிருக்கும். இந்த மாதிரி வண்டிங்க வருஷத்துக்கு ரொம்ப கம்மியாத்தான் ஓடும், அதனால பட்டன் தேயறதுக்கு முன்னாடி டயருக்கு வயசாயிடும். சட்டப்படி 1.6 மில்லி வரைக்கும் ஓட்டலாம், ஆனா ஈரப் பயிற்சி இருக்குன்னா குறைஞ்சது 3 மில்லியாவது இருக்கட்டும், முக்கியமா பின்னாடி. அதுக்காக புத்தம்புது டயரோடயும் நேரா போகாதீங்க, புது டயர்ல பட்டன் உயரமா இருக்கறதால வளைவுல நெளிஞ்சு நெளிஞ்சு சூடாகி ஓரம் பிஞ்சு வரும், சில நூறு கிலோமீட்டராவது ரோட்ல ஓட்டின டயர்தான் இதுக்கு பெஸ்ட். உள்பக்க ஓரத்தை வண்டியைத் தூக்கி வச்சுப் பாருங்க, வெளிய பாத்தா நல்லா இருக்கும் உள்ள கம்பி தெரியும், அலைன்மென்ட் சரியில்லாத வண்டில இது சகஜம். சைடுவால்ல எங்கயாவது வீங்கியிருந்தா பேச்சே இல்ல, மாத்தியே ஆகணும். பஞ்சர் ஒட்டின டயரையும் தவிர்க்கப் பாருங்க. உங்க வண்டில ஸ்டெப்னி வேற கிடையாது, ட்ராக்ல டயர் போச்சுன்னா டோ வண்டிதான்.

செக் பண்ணி பாத்துட்டு மாத்தித்தான் ஆகணும்னா, பிரெல்லி பி ஜீரோ மாதிரி நல்ல சம்மர் ரோட் டயர் போதும். போர்ஷேவுக்குன்னு அனுமதி பண்ணின டயர்ல என்0, என்1னு ஒரு குறி இருக்கும், முன்னாடி ஒரு கம்பெனி பின்னாடி ஒரு கம்பெனின்னு கலக்காம நாலும் ஒரே மாடல் ஒரே குறியா போடுங்க. உங்களுக்கு முன்னாடி 235, பின்னாடி 265, அதனால முன்ன பின்ன மாத்திப் போட்டு தேய்மானத்தை சமன் பண்ற வழியும் கிடையாது. 2020 ஜூன்ல இருந்து டயர் இறக்குமதிக்கு லைசென்ஸ் வேணும்னு ஆயிருச்சு, அதனால இந்த சைஸெல்லாம் கடைல ரெடியா இருக்கும்னு நம்பாதீங்க, முன்கூட்டியே சொல்லி வைங்க, வந்ததும் செஞ்ச தேதியைப் பாத்துட்டுத்தான் ரிம்ல ஏத்த விடணும்.

டயர் மேல போட்டிருக்கற ட்ரெட்வேர் நம்பர் 200, 300ன்னு நெட்ல பேசறதைப் படிச்சிருப்பீங்க. அது அமெரிக்க விதிப்படி கம்பெனிங்களே போட்டுக்கற நம்பர், 100ங்கற ஒரு அடிப்படை டயரோட ஒப்பிட்டா எவ்வளவு நாள் உழைக்கும்ங்கற கணக்கு, கிரிப்போட அளவு இல்ல. நம்பர் குறைஞ்சா ரப்பர் சாஃப்ட்டா இருக்கும்னு தோராயமா வச்சுக்கலாம், அதுக்கு மேல ரெண்டு கம்பெனி நம்பரை பக்கத்துல பக்கத்துல வச்சுப் பாக்கறதுல அர்த்தமில்ல. பக்கத்துல ட்ராக்‌ஷன் ஏஏன்னு இருக்கறதும் ஈர ரோட்ல நேரா பிரேக் அடிச்சுப் பாத்தது, வளைவுல என்ன பண்ணும்னு அது சொல்லாது.

இப்ப காத்து. எந்த டயருங்கறதை விட இதுலதான் அன்னைக்கு வித்தியாசம் தெரியும், ஆனா பாதிப் பேர் இதைக் கண்டுக்கறதே இல்ல. காலைல வண்டி நிழல்ல ஆறி நிக்கறப்ப புக்ல இருக்கற பிரஷரை நாலுக்கும் வைங்க, வெயில் ஒரு பக்கம் மட்டும் அடிச்சா அந்தப் பக்க டயர் கூடக் காட்டும், அதை நம்பி குறைச்சிடாதீங்க. டயர் சூடு அஞ்சு ஆறு டிகிரி ஏறினா சுமார் 1 பிஎஸ்ஐ ஏறும், ட்ராக்ல சில லேப் அழுத்தி ஓட்டினா 6ல இருந்து 10 பிஎஸ்ஐ வரைக்கும் ஏறறது சாதாரணம். ரொம்ப ஏறிட்டா டயர் நடுவுல மட்டும் தரையத் தொடும், வண்டி வழுக்க ஆரம்பிக்கும், உங்களுக்கு என்னமோ ஓட்டத் தெரியலைன்னு தோணும். அதனால ஒவ்வொரு ரவுண்டு முடிஞ்சு உள்ள வந்ததும் சூடா இருக்கறப்பவே கேஜ் வச்சுப் பாத்து, இன்ஸ்ட்ரக்டர் சொல்ற அளவுக்கு கொஞ்சம் கொஞ்சமா காத்தை இறக்குங்க. ஓரத்துல வெள்ளை சாக்பீஸ்ல குறுக்கே ஒரு கோடு போட்டு விடுங்க, திரும்பி வந்து பாக்கறப்ப கோடு சைடுவால் பக்கம் வரைக்கும் அழிஞ்சிருந்தா காத்து கம்மி, பட்டன் ஓரத்துலயே நின்னுருச்சுன்னா ஜாஸ்தி. நாலு டயரும் ஒரே மாதிரி ஏறாது, கடிகாரச் சுத்துல ஓடறப்ப இடது பக்கம்தான் அதிகமா அடி வாங்கும். நைட்ரஜன் போட்டா ஏறாதுன்னு டயர் கடைல சொல்வாங்க, நம்பாதீங்க, அதுவும் கிட்டத்தட்ட இதே கணக்குலதான் ஏறும்.

ரவுண்டு முடிஞ்சதும் பிரேக் சூடா இருக்கும், அதனால ஹேண்ட்பிரேக் போடாதீங்க, கியர்ல (ஆட்டோமேட்டிக்னா பார்க்ல) விட்டுட்டு சக்கரத்துக்கு கட்டை வைங்க. வீல் போல்ட்டை டார்க் ரெஞ்ச் (சொன்ன அளவுக்கு மட்டும் முறுக்கற ஸ்பேனர்) வச்சு காலைல ஒரு தடவை, மதியம் ஆறினதுக்கப்புறம் ஒரு தடவை செக் பண்ணுங்க.

ட்ராக் டயர் எப்பதான் வாங்கறதுன்னா, ரோட் டயர்ல இன்ஸ்ட்ரக்டரே இனிமே உங்க வேகத்தைத் தடுக்கறது டயர்தான்னு சொல்ற அன்னைக்கு. அப்பவும் தனி ரிம் செட்ல போட்டு வச்சுக்கோங்க, தினசரி ஓட்டத்துக்கு அது ஆகாது.

சாயங்காலம் கிளம்பறதுக்கு முன்னாடி மறக்காம காத்து பிடிங்க. பகல்ல சூட்டுல இறக்கினது டயர் ஆறினதும் 25, 26க்கு வந்து நிக்கும், அப்படியே பூந்தமல்லி வரைக்கும் ஹைவேல விரட்டினா ட்ராக்ல தப்பிச்ச டயர் ரோட்ல போயிடும்.