ஊரடங்கில் மனசு படும் பாடு: கேட்டவர்களுக்கு ஒரு நர்ஸின் பதில்கள்

அரசு மருத்துவமனை மனநலப் பிரிவில் 31 வருடம் வேலை பார்த்து ஓய்வு பெற்றவள் நான். தமிழ்நாட்டில் இந்த 2021 மே 10ஆம் தேதி கொரோனா ஊரடங்கு ஆரம்பித்து, 24இலிருந்து மளிகைக் கடைகூடத் திறக்காத முழு ஊரடங்காக மாறியதிலிருந்து போன் ஓயவே இல்லை. தெரிந்தவர்கள், அவர்களுக்குத் தெரிந்தவர்கள் என்று பேசுகிறார்கள். ஒருவர் கேட்டது இன்னும் பத்துப் பேர் வீட்டிலும் இருக்கும் என்பதால் சிலவற்றை இங்கே எழுதுகிறேன். யார் என்று தெரியாதபடி அடையாளங்களை எடுத்துவிட்டேன். மாத்திரைப் பெயர் மட்டும் என்னிடம் கேட்காதீர்கள், அதை டாக்டர்தான் சொல்ல வேண்டும்.

கேள்வி: சிஸ்டர், என் வீட்டுக்காரர் தினமும் குடிப்பவர். வாங்கி வைத்திருந்தது தீர்ந்து இன்று மூன்றாம் நாள். நேற்றிலிருந்து கை நடுங்குகிறது, டம்ளரைப் பிடிக்க முடியவில்லை. இன்று விடிகாலையில் சுவரில் எறும்பு ஊர்கிறது என்று துணியால் துடைத்துக்கொண்டே இருந்தார். அங்கே ஒன்றுமே இல்லை. ‘குடியை நிறுத்த இதுதான் நல்ல நேரம், பல்லைக் கடித்துக்கொண்டு இருக்கட்டும்’ என்கிறார் மாமியார். என்ன செய்வது?

பதில்: உங்களுக்கு அப்போதே போன் செய்து 108ஐக் கூப்பிடச் சொன்னேன். மற்றவர்களும் தெரிந்துகொள்ள வேண்டும் என்பதற்காக விவரமாக எழுதுகிறேன்.

வருடக்கணக்காகத் தினமும் குடிக்கிறவரின் மூளை, மது தரும் மந்தத்தைச் சமாளிக்க எப்போதும் கூடுதல் வேகத்திலேயே ஓடிப் பழகியிருக்கும். மது சட்டென்று நின்றால் அந்த வேகம் மட்டும் மிஞ்சும். ஆறு, எட்டு மணி நேரத்தில் நடுக்கம், வியர்வை, குமட்டல் ஆரம்பிக்கும். முதல் இரண்டு நாளுக்குள் வலிப்பு வரலாம். இரண்டாம் நாள் முடிந்து நான்காம் நாளுக்குள் சிலருக்கு இடம், நாள், கிழமை எல்லாம் குழம்பி, இல்லாதது கண்ணில் படும். காய்ச்சலும் அடிக்கும். வைத்தியம் இல்லாமல் விட்டால் உயிரே போகும். இதில் மன உறுதி எதுவும் வேலைக்கு ஆகாது. பல்லைக் கடித்துக்கொண்டு தாண்டக்கூடிய விஷயம் இல்லை இது என்று மாமியாரிடம் சொல்லுங்கள்.

என் வார்டில் ஒரு தறிக்காரர் இருந்தார். ராத்திரி முழுக்கப் போர்வையில் இல்லாத நூலைத் தேடித் தேடி முடிச்சுப் போடுவார். ‘இழை அறுந்துபோச்சு, விளக்கைப் போடுங்க’ என்பார். நான் விளக்கைப் போட்டுவிட்டுப் பக்கத்தில் உட்கார்ந்திருப்பேன். இருட்டில் இவர்களுக்குப் பயம் கூடும். வண்டி வரும்வரை வீட்டிலும் அதையே செய்யுங்கள். விளக்கு எரியட்டும், அவருக்குப் பழகிய ஒருவர் மட்டும் அருகில் இருக்கட்டும். ‘எறும்பே இல்லையே’ என்று வாதாடாதீர்கள். கட்டிப் போடவும் வேண்டாம். மருத்துவமனையில் எவ்வளவு குடிப்பார் என்பதை வெட்கப்படாமல் உள்ளபடி சொல்லுங்கள். அதை வைத்துத்தான் மருந்தின் அளவை முடிவு செய்வார்கள். கூடவே வைட்டமின் பி1 ஊசி போடுவார்கள். மூளையைக் காப்பாற்றும் ஊசி அது.

கை நடுக்கம் தாங்காமல் சானிடைசர், வார்னிஷ் என்று எதையாவது தேடுவார்கள். போன வருடம், 2020 ஏப்ரலில் புதுக்கோட்டை மாவட்டம் கோட்டைப்பட்டினத்தில், ஷேவ் செய்தபின் பூசும் லோஷனைக் குளிர்பானத்தில் கலந்து குடித்த மீனவர்கள் இறந்தார்கள். வீட்டில் இருக்கும் சானிடைசர் பாட்டிலை இப்போதே எடுத்துப் பூட்டி வையுங்கள்.

கேள்வி: அக்கா, நான் பிளஸ் டூ. பரீட்சை உண்டா இல்லையா என்றே தெரியவில்லை. ராத்திரி நான்கு மணிக்குத்தான் தூக்கம் வருகிறது, மதியம் பன்னிரண்டுக்கு எழுகிறேன். அப்பா பார்க்கும்போதெல்லாம் திட்டுகிறார். படித்தால் எதுவும் ஏறவில்லை.

பதில்: தம்பி, மே மாதம் நடக்க வேண்டிய பரீட்சையைத் தள்ளிவைத்துவிட்டு இன்னும் ஒன்றும் சொல்லவில்லை. இதில் உன் தப்பு என்ன இருக்கிறது? தேதி தெரியாமல் படிப்பது யாருக்கும் கஷ்டம்தான்.

தூக்கத்தைச் சரிசெய்கிறேன் என்று எல்லாரும் சீக்கிரம் படுக்கப் பார்க்கிறார்கள். அது நடக்காது. எழும் நேரத்தைப் பிடி. நாளைக்குப் பதினொன்றுக்கு எழு, மூன்று நாள் கழித்துப் பத்தரை, அப்புறம் பத்து. எழுந்ததும் மொட்டை மாடிக்கோ வாசலுக்கோ போய் இருபது நிமிடம் வெளிச்சத்தில் நில். காலை வெளிச்சம் கண்ணில் பட்டால்தான் மூளைக்குள் இருக்கும் கடிகாரம் திருந்தும். மதியத் தூக்கம் வேண்டாம், கண் சொருகினால் அரை மணி நேரம் போதும். எட்டு மணிக்கு எழ ஆரம்பிக்கும்போது ராத்திரித் தூக்கம் தானே முன்னால் வந்துவிடும். இரண்டு மூன்று வாரம் ஆகும் என்று அப்பாவிடம் முன்கூட்டியே சொல்லிவிடு. படிப்பை இப்போதைக்குக் காலையில் ஒரு மணி நேரம், ஒரே பாடம் என்று வைத்துக்கொள்.

கேள்வி: எனக்கு 71 வயது. தனியாக இருக்கிறேன். பிள்ளைகள் வெளிநாட்டில். ரத்தத்தில் ஆக்சிஜன் அளவு பார்க்கும் ஆக்சிமீட்டர் ஒன்றை மகன் வாங்கி அனுப்பினான். ஒரு நாளைக்கு முப்பது தடவையாவது விரலில் மாட்டிப் பார்க்கிறேன். 97 காட்டும், அடுத்த தடவை 95. உடனே மூச்சு முட்டுகிறது. டிவியை அணைக்கவும் மனசு வரவில்லை.

பதில்: ஐயா, 97, 95 இரண்டுமே நல்ல அளவுதான். அந்தக் கருவி ஒன்றிரண்டு எண் முன்னே பின்னே காட்டும். விரல் சில்லென்று இருந்தாலும், கை ஆடினாலும், நகத்தில் பூச்சு இருந்தாலும் குறைத்துக் காட்டும். கையைச் சூடுபறக்கத் தேய்த்துவிட்டு, ஐந்து நிமிடம் உட்கார்ந்து, நடுவிரலிலோ ஆள்காட்டி விரலிலோ மாட்டி, எண் ஓரிடத்தில் நிற்கும்வரை பார்த்துவிட்டுக் குறித்துக்கொள்ளுங்கள். உங்களுக்குக் காய்ச்சல், இருமல் இல்லை என்றீர்கள். அப்படியானால் காலையில் ஒரு தடவை, மாலையில் ஒரு தடவை போதும். மற்ற நேரத்தில் கருவியை பீரோவுக்குள் வையுங்கள், மேஜையில் கண்ணெதிரே இருந்தால் கை தானாகப் போகும். சரியாக மாட்டிப் பார்த்தும் 94க்குக் கீழே நின்றால் 104 மருத்துவ உதவி எண்ணுக்கோ டாக்டருக்கோ பேசுங்கள். 90க்குக் கீழே போனால் 108.

பயத்தில் வரும் மூச்சுமுட்டலில் நாம் மேல் மூச்சாக வேகமாக வாங்குவோம். விரல் நுனி மரத்துப்போகும், தலை கிறுகிறுக்கும், ஆனால் கருவி 97, 98 என்றுதான் காட்டும். அந்த நேரத்தில் மூச்சை உள்ளே இழுக்க முயல வேண்டாம். உதட்டைக் குவித்து, சூடான காபியை ஊதுகிற மாதிரி மெதுவாக வெளியே விடுங்கள். உள்ளே போவது தானே போகும். இதைப் பத்துத் தடவை செய்யுங்கள்.

டிவி விஷயம். 21ஆம் தேதி மாநிலத்தில் ஒரே நாளில் 36,000 பேருக்கு மேல் தொற்று என்று அறிவித்தார்கள். அந்தச் செய்தியை நீங்கள் எத்தனை தடவை பார்த்தீர்கள்? ஒரு தடவை கேட்டாலே போதுமானது. மாலைச் செய்தி அரை மணி நேரம் பாருங்கள், மகனிடம் தினமும் ஒரே நேரத்துக்குப் பேசச் சொல்லுங்கள். அவன் வேலை நேரம் முடிந்து பேசுவானா என்று காத்திருப்பதே ஒரு பாரம்.

கேள்வி: வீட்டிலிருந்தே ஆபீஸ் வேலை, ஆறு வயதுப் பிள்ளை, மாமனார் மாமியார். பிள்ளை நாள் முழுக்கப் போனில்தான் இருக்கிறான். நான் மோசமான அம்மாவா?

பதில்: இல்லை கண்ணு. ஒரு ஆள் மூன்று ஆள் வேலை பார்க்கிறாய். இந்த மாதம் போனை எண்ணிக் கவலைப்படாதே. சாப்பிடும்போதும் படுக்கும்போதும் போன் இல்லாமல் பார்த்துக்கொள். வீட்டுக்காரர் என்ன வேலை செய்கிறார் என்று நீ எழுதவே இல்லை. அவரிடம் சமையலில் ஒரு வேளையை இன்றைக்கே ஒப்படை.

கேள்வி: சிஸ்டர், அப்பா 12ஆம் தேதி திருநெல்வேலியில் கொரோனாவில் இறந்துவிட்டார். நான் சென்னையில் பாசிட்டிவாகத் தனியறையில் இருந்தேன். கொள்ளி தம்பி வைத்தான். எல்லாம் வீடியோவில் பார்த்தேன், ஒரு பையில் சுற்றிய உருவம்தான் தெரிந்தது. இறப்பதற்கு முந்தின நாள் அப்பா அனுப்பிய வாய்ஸ் மெசேஜ் போனில் இருக்கிறது. ‘சாப்பிட்டியாப்பா, மாத்திரைய மறக்காமப் போடு’ என்று 14 வினாடி. ராத்திரி படுத்துக்கொண்டு அதையே கேட்கிறேன். அழுகைகூட வரவில்லை. எனக்கு என்ன ஆயிற்று?

பதில்: தம்பி, உங்களுக்குக் கோளாறு ஒன்றும் இல்லை. சாவு வீடு என்று நாம் வைத்திருக்கும் ஒவ்வொன்றுக்கும் ஒரு வேலை உண்டு. முகத்தைப் பார்ப்பது, காலைத் தொடுவது, நாலு பேர் வந்து கட்டிக்கொண்டு அழுவது, மறுநாள் காடாத்து, பதினாறாம் நாள் விசேஷம், இதெல்லாம் சேர்ந்துதான் ‘அப்பா போய்விட்டார்’ என்பதை உடம்புக்குச் சொல்லிப் புரியவைக்கின்றன. உங்களுக்கு அதில் ஒன்றுகூடக் கிடைக்கவில்லை. செய்தி காதுக்கு வந்துவிட்டது, உடம்புக்கு இன்னும் வரவில்லை. அதனால்தான் அழுகை வராமல் நிற்கிறது.

அந்த மெசேஜை அழிக்காதீர்கள். இன்றைக்கே இன்னொரு போனிலும் சேமித்து வையுங்கள், தொலைந்துவிடுமோ என்ற பயமாவது போகும். ஆனால் ராத்திரியில் தனியாகக் கேட்க வேண்டாம். பகலில் அம்மாவுக்கும் தம்பிக்கும் வீடியோவில் போன் போட்டு, மூன்று பேருமாகக் கேளுங்கள். அதற்கப்புறம் அப்பா கடைசி நாட்களில் என்ன சாப்பிட்டார், என்ன பேசினார் என்று தம்பியிடம் ஒவ்வொன்றாகக் கேளுங்கள். அவன் ஒற்றையாளாக நின்று எல்லாம் செய்திருக்கிறான். அவனும் யாரிடமாவது சொல்ல வேண்டும் என்றுதான் காத்திருப்பான்.

என் அக்காவும் போன ஆகஸ்டில் இப்படித்தான் போனாள். எனக்கும் முகம் பார்க்கக் கிடைக்கவில்லை. ஐந்து மாதம் கழித்துப் பொங்கலுக்கு அவள் வீட்டுக்குப் போனபோது, அவளுடைய தையல் மெஷினில் ஊசிக்கடியில் பாதி தைத்த ரவிக்கைக் கை அப்படியே இருந்தது. அதைப் பார்த்ததும்தான் எனக்கு அழுகை வந்தது. உங்களுக்கும் ஊருக்குப் போகும் நாளில் வரலாம். வழி திறந்ததும் போங்கள். விட்டுப்போன சடங்கை அப்போது செய்யலாம், தப்பே இல்லை.

‘நான் போயிருந்தால் பிழைத்திருப்பாரோ’ என்று நினைப்பு வரும். தொற்றோடு நீங்கள் போயிருந்தால் அம்மாவுக்கும் வந்திருக்கும். சில வாரம் கழித்தும் சாப்பாடு இறங்காமல், அப்பாவோடு போய்விடலாம் என்று தோன்றினால் அன்றைக்கே டாக்டரைப் பாருங்கள்.

கேள்வி: ஆட்டோ ஓட்டுகிறேன். வண்டி ஓடி மூன்று வாரம் ஆகிறது. பைனான்ஸ்காரன் தினமும் போன். ரேஷனில் கொடுத்த 2,000 ரூபாய் வாடகைக்கே போய்விட்டது. நான் இல்லாவிட்டால் குடும்பமாவது நிம்மதியாக இருக்கும் என்று தோன்றுகிறது.

பதில்: அண்ணே, உங்களிடம் நேராகவே கேட்டேன், சாக வேண்டும் என்று நினைக்கிறீர்களா என்று. ஆமாம் என்றீர்கள். சொன்னதற்கு நன்றி. இப்படிக் கேட்டால் அந்த எண்ணத்தைத் தூண்டிவிடுமோ என்று பலர் பயப்படுகிறார்கள். தூண்டாது. கேட்டால் பாரம்தான் குறையும். வீட்டிலிருக்கும் எலிமருந்தை உங்கள் மனைவி அப்புறப்படுத்திவிட்டார் என்று கேட்டுத் தெரிந்துகொண்டேன். இந்த எண்ணம் அலை மாதிரி ஏறி இறங்கும். ஏறும் நேரத்தில் கைக்கு எட்டுகிற மாதிரி எதுவும் இருக்கக் கூடாது. அந்த நேரம் வந்தால் தற்கொலைத் தடுப்புக்காக இருக்கும் சென்னை சினேகா அமைப்புக்கு 044-24640050இல் பேசுங்கள், இல்லை 104. என் நம்பரும் இருக்கிறது, எந்த நேரமானாலும் எடுப்பேன்.

கடன் விஷயம். கந்துவட்டி இல்லாமல் வங்கி அல்லது பைனான்ஸ் கம்பெனிக் கடன் என்றால், தவணையை மாற்றியமைக்க 2021 மே 5ஆம் தேதி ரிசர்வ் வங்கி வழி செய்தது. போனில் கெஞ்சாமல் எழுத்தில் கேளுங்கள், உங்கள் மகளையே எழுதச் சொல்லுங்கள். அரசு அறிவித்த 4,000 ரூபாய் நிவாரணத்தில் பாதிதான் வந்திருக்கிறது, மீதி வரவேண்டும். வீட்டில் நீங்கள் இல்லாமல் போனால் கடன் போகாது, அப்பாதான் போவார். உங்கள் மகள் பக்கத்திலிருந்து அழுதுகொண்டே போனை வாங்கியது எனக்குக் கேட்டது.

கேள்வி: (பெயர் சொல்லாத பெண்) அடிக்கிறார். வீட்டை விட்டு எங்கே போக முடியும்?

பதில்: ஊரடங்கிலும் போகலாம் அம்மா, அடிபட்டு வெளியே வரும் பெண்ணை எந்த போலீஸும் திருப்பி அனுப்பக் கூடாது. பெண்கள் உதவி எண் 181க்குப் பேசுங்கள், 24 மணி நேரமும் எடுப்பார்கள். அவர் குளிக்கும் நேரத்தில் பேசிவிட்டு அந்த நம்பரைப் போனிலிருந்து அழித்துவிடுங்கள். ஆதார், ரேஷன் கார்டு, கொஞ்சம் பணம், ஒரு மாற்றுத் துணி இவற்றை ஒரு பையில் போட்டுப் பக்கத்து வீட்டு அக்காவிடம் கொடுத்து வையுங்கள். சண்டை முற்றும்போது சமையலறைப் பக்கம் போகாதீர்கள், வாசல் பக்கம் நில்லுங்கள்.

கேள்வி: (முதலில் கேட்டவர்) சிஸ்டர், அன்றைக்கே சேர்த்துவிட்டோம். ஐந்து நாள் ஆயிற்று. இன்று காலை என் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டார், என்ன கிழமை என்று கேட்டார். கடை திறந்தால் மறுபடி போய்விடுவாரே? குடியை மறக்க வைக்கும் மாத்திரை இருக்கிறதாம், சாம்பாரில் கலந்து கொடுத்துவிடலாம் என்கிறார் என் தம்பி.

பதில்: கிழமை கேட்டார் என்றதும் எனக்குக் கண் நிறைந்துவிட்டது. சாம்பார் யோசனையைத் தம்பி இன்றோடு விடட்டும். அவருக்குத் தெரியாமல் அந்த மாத்திரையைக் கொடுத்து, அவர் வெளியே போய்க் குடித்துவிட்டால் ரத்த அழுத்தம் விழுந்து நெஞ்சே நின்றுபோகலாம். அவர் சம்மதித்து, டாக்டர் பார்த்து எழுதிக் கொடுத்தால் மட்டும்தான் அது.

கடை எப்படியும் ஒரு நாள் திறக்கும். அதற்கு முன்னாலேயே, அவர் வார்டில் தெளிவாக இருக்கும் இந்த நாட்களிலேயே, டாக்டரை வைத்துக்கொண்டு பேசுங்கள். சம்பளம் யார் கையில் வர வேண்டும், எந்தக் கூட்டாளியின் போனை எடுக்கக் கூடாது, ஆறு மணி ஆனால் என்ன செய்வார் என்று ஒவ்வொன்றையும் அவர் வாயாலேயே சொல்ல வையுங்கள். கை இன்னும் கொஞ்ச நாள் நடுங்கும். காபியைப் பாதி டம்ளர் மட்டும் ஊற்றிக் கொடுங்கள், சிந்தாமல் அவரே குடிக்கட்டும்.