டிசம்பர் லீவுக்கு வீட்டில் ஒரு தேத்தண்ணி விருந்து

கேள்வி: டிசம்பர் லீவுக்கு கொழும்பிலிருந்து அண்ணா குடும்பம், மாத்தறையில் வேலை செய்யும் தம்பி, பதுளையிலிருந்து நாத்தனார் வீட்டார், ஹட்டனிலிருந்து என் கூட்டாளி குடும்பத்தோடு என்று எங்களோடு சேர்த்து 25 பேர் கூடுவோம். பத்துப் பேர் பிள்ளைகள். போன வருஷம் "சிவப்பு வெள்ளை" என்று தீம் வைத்தோம். போட்டோ எடுத்து அரை மணித்தியாலத்தில் எல்லோரும் போனோடு உட்கார்ந்துவிட்டார்கள். இம்முறை மகள் "பனிக்காலம்" கேட்கிறாள். கணவர் "பழைய தோட்டம்" என்று வைத்து, பிள்ளைகளுக்குக் கொழுந்துக் கூடை மாட்டி, இடுப்பில் படங்குத் துணி கட்டிவிடலாம் என்கிறார். மாமி முப்பது வருஷம் கொழுந்து எடுத்தவர், ஒன்றும் சொல்லவில்லை. வீடு சின்னது, இஸ்தோப்பும் (முன் விறாந்தை) வாசலும்தான் இடம். எதைச் செய்யலாம்?
– வாசகி, நுவரெலியா

பதில்: சகோதரி, உடுப்பும் அலங்காரமும் மட்டும் தீமாக இருந்தால் போட்டோவோடு அது முடிந்துவிடும். அதுவும் உங்கள் ஊர்க் குளிரில் சிவப்புச் சட்டைக்கு மேல் சுவெட்டர் ஏறியதும் தீம் மறைந்துபோகும். வந்தவர்கள் கையாலும் மூக்காலும் நாக்காலும் செய்ய ஒரு வேலை வேண்டும்.

மகளின் பனிக்காலத்தை இந்த முறை விட்டுவிடுங்கள். பஞ்சு ஒட்டினால் மூடுபனி ஈரத்தில் தொங்கிப்போகும். நுரை ஸ்பிரே சீமெந்துத் தரையில் வழுக்கும். அந்த டின்களில் பலவற்றில் எரியும் வாயு இருப்பதால் மெழுகுதிரிக்குப் பக்கத்தில் ஆபத்து.

கணவரின் யோசனையில் ஒரு நல்ல விஷயம் இருக்கிறது, ஆனால் வேஷம் வேண்டாம். கூடையும் படங்கும் மாமிக்கு வேலை உடுப்பு. மழையிலும் அட்டைக்கடியிலும் அவர் சுமந்ததைப் பேரப்பிள்ளைகள் மாட்டிக்கொண்டு சிரித்தால் அவர் மனம் நோகலாம். அவர் பேசாமல் இருப்பதைச் சம்மதமாக எடுக்காதீர்கள். தனியாக இருக்கும்போது கேளுங்கள். கூடை எப்படித் தலைக்கயிற்றில் நிற்கிறது என்று அவரே காட்ட விரும்பினால், அது அவர் விருப்பம்.

எங்கள் யோசனை தேயிலையையே தீமாக வைப்பது. உங்களுக்கு ஒரு வசதி இருக்கிறது: வருகிறவர்கள் தேயிலை வேறுபடும் ஊர்களிலிருந்து வருகிறார்கள். இலங்கையில் ஏழு தேயிலைப் பிரதேசங்கள். நாத்தனார் ஊவாத் தேயிலை, தம்பி ருகுணு, ஹட்டன் கூட்டாளி திம்புள்ள, நீங்கள் நுவரெலியா, அண்ணா கொழும்புக் கடையில் கண்டி என்று ஆளுக்கு 50 கிராம் கொண்டுவரட்டும். ஐந்துக்கு மேல் வேண்டாம், நாக்கு களைத்துவிடும். மூன்று கிழமைக்கு முன்பே வாட்ஸ்அப்பில் சொல்லிவிடுங்கள். முக்கியமாக, எல்லோரும் பி.ஓ.பி.எஃப். (BOPF) என்ற சின்னத் துணுக்குத் தரமே வாங்க வேண்டும். ஒருவர் டஸ்ட் என்ற மிக நைசான தூளும் ஒருவர் பெரிய இலையும் கொண்டுவந்தால் தூள் சின்னது என்பதற்காகவே ஒன்று கடுமையாக இறங்கும். ஊர் வித்தியாசம் தெரியாது.

அளவு: தேத்தண்ணியைச் சுவை பார்ப்பதற்கான சர்வதேச நியமம் 100 மில்லிலீற்றருக்கு 2 கிராம், 6 நிமிடம். சின்னப் பிள்ளைகள் போக இருபது பேர் ஆளுக்கு 40 மில்லிலீற்றர் குடிக்க ஒவ்வொரு தேயிலையிலும் 1 லீற்றர் போதும், அதற்கு 20 கிராம். தராசு இல்லாவிட்டால் வழித்த தேக்கரண்டி பத்து. எல்லாவற்றுக்கும் ஒரே கரண்டியையே பாவியுங்கள்.

இங்கேதான் குளிரும் உயரமும் விளையாடும். நுவரெலியா கடல்மட்டத்திலிருந்து 1,868 மீற்றர். தண்ணீர் ஏறத்தாழ 94 பாகையிலேயே கொதித்துவிடும். முன்னரே கொதிக்கவைத்து பிளாஸ்கில் வைத்தால் இன்னும் இறங்கி, சாயம் மெல்லியதாகிவிடும். ஆகவே பெரிய பானையில் 7 லீற்றர் கொதிக்க வையுங்கள். அதில் கொஞ்சம் எடுத்து ஐந்து பாத்திரத்தையும் சுடச்சுட அலசிக் கொட்டிவிட்டுத் தூளைப் போடுங்கள். பிறகு பானையை இறக்காமல், கொதிக்கும்போதே அகப்பையால் அள்ளி வரிசையாக ஊற்றுங்கள். ஒருவர் நேரம் பார்க்க, ஆறு நிமிடத்தில் ஊற்றிய வரிசையிலேயே வடித்துவிட வேண்டும். பாத்திரம் எவர்சில்வர், கண்ணாடி, எனாமல் எதுவும் சரி. கறி வைத்த சட்டி, இரும்புச் சட்டி, பேப்பர் கோப்பை மூன்றும் வேண்டாம். மணம் கெடும், இரும்பில் தேத்தண்ணி கறுத்தும்விடும். தண்ணீரை கேஸ் அடுப்பிலேயே வையுங்கள். 2,000 வாட்ஸ் கேத்தலையும் ஹீட்டரையும் ஒரே எக்ஸ்டென்ஷனில் போட்டால் கரண்ட் விழும் அல்லது வயர் சூடாகும்.

ஐந்துக்கும் இலக்கம் மட்டும் போட்டு, எது எந்த ஊர் என்பதைக் கொப்பியில் எழுதி மறைத்து வையுங்கள். பாலும் சீனியும் இல்லாமல் முதல் சுற்று. "சர்ர்" என்று சத்தம் வர உறிஞ்சச் சொல்லுங்கள். சுவை பார்ப்பவர்கள் அப்படித்தான் காற்றோடு இழுக்கிறார்கள், மணம் மூக்குக்கு ஏறும். பிள்ளைகளுக்குச் சத்தமாக உறிஞ்ச அனுமதி கிடைக்கும் ஒரே நாள் அது. நிறம், மணம், தொண்டையில் நிற்பது என்று மூன்றுக்கும் ஐந்துக்கு எத்தனை புள்ளி என்று எழுதட்டும். நுவரெலியா வெளிறிய நிறத்தில் பூமணத்தோடு இருக்கும், அதைத் தண்ணியாக இருக்கிறது என்று குறைத்துப் போடுவார்கள். ருகுணு கறுத்துக் கடுமையாக நிற்கும். ஊவாவின் குளிர்ந்த மணம் ஜூலை முதல் செப்டெம்பர் வரை எடுத்த கொழுந்தில்தான் நன்றாகத் தெரியும், ஆகவே நாத்தனாரை அந்தப் பருவத்துப் பக்கெட்டாகத் தேடச் சொல்லுங்கள். கடைசியில் கொப்பியைத் திறந்து கண்டி எது என்று சொல்லும்போது பிள்ளைகளுக்கு ஒரு விஷயம் சொல்லலாம்: 1867 இல் ஸ்கொட்லாந்துக்காரர் ஜேம்ஸ் டெய்லர் கண்டி மாவட்டத்து லூல்கந்துரவில் 19 ஏக்கரில் தேயிலை போட்டதுதான் இங்கே தோட்டத் தேயிலையின் ஆரம்பம். அந்த மலைகளில் உழைத்தவர்கள் தமிழ்நாட்டிலிருந்து நடந்து வந்தவர்கள் என்பதையும் அதே மூச்சில் சொல்லுங்கள்.

அந்த இடத்தில் மாமிக்கு நாற்காலி போடுங்கள். முதல் கோப்பை அவருக்கு. அவர் சம்மதித்தால், பிள்ளைகள் சீட்டு எடுத்துக் கேள்வி கேட்கட்டும்: காலையில் வேலை பிரிக்கும் பிரட்டுக்களத்துக்கு எத்தனை மணிக்குப் போவீர்கள், கொழுந்து நிறுக்கும்போது என்னென்ன கழிப்பார்கள், மலையில் என்ன பாட்டுப் பாடுவீர்கள், மழை நாளில் என்ன சாப்பிடுவீர்கள். ஐந்தாறு கேள்வி போதும். ஒரு போன் மட்டும் பதிவு செய்ய, மற்றதெல்லாம் ஒரு பெட்டியில். அவரே "போதும்" என்றால் உடனே நிறுத்திவிடுங்கள்.

சின்னப் பிள்ளைகளுக்கு மணம் கண்டுபிடிக்கும் விளையாட்டு. ஆறு கோப்பையில் ஏலக்காய், கறுவா, கராம்பு, இஞ்சி, தோடம்பழத் தோல், யூகலிப்டஸ் இலை. மேலே துணி கட்டுங்கள். குளிரில் மணம் எழும்பாது, அதனால் கோப்பைகளை இளஞ்சூட்டுத் தண்ணீர்த் தட்டில் பத்து நிமிடம் நிறுத்திவிட்டுக் கொடுங்கள். அவர்களுக்குத் தேத்தண்ணி பாதி, பால் பாதி, பின்னேரம் ஐந்துக்குப் பிறகு வேண்டாம்.

அலங்காரத்துக்குப் பலூனும் கிரேப் பேப்பரும் வாங்காதீர்கள். அடுப்படிச் சூட்டில் ஊதிய பலூன் இஸ்தோப்பில் சுருங்கும், கிரேப் சாயம் ஈரத்தில் சுவரில் இறங்கும். பழைய வெள்ளைப் பருத்திப் படுக்கைவிரிப்பு ஒன்றைத் தேத்தண்ணியில் தோய்த்து மேசைவிரிப்பாக்குங்கள். 100 கிராம் டஸ்டை 3 லீற்றரில் கால் மணித்தியாலம் கொதிக்கவைத்து நன்றாக வடித்து, ஈரத் துணியை ஒரு மணித்தியாலம் அமுக்கி வையுங்கள், இடையிடையே புரட்டுங்கள். தூள் ஒட்டினால் புள்ளி விழும். பொலியெஸ்டர் கலந்த துணியில் நிறம் பிடிக்காது. உடுப்புக்குப் பச்சையோ மண்ணிறமோ ஏதாவது ஒன்று, சுவெட்டர், சால்வை, தொப்பி எதுவானாலும். ஒருவரும் புதிதாக வாங்க வேண்டாம் என்று அழைப்பிலேயே எழுதுங்கள்.

சாப்பாடு தேங்காய் ரொட்டியும் கட்டைச் சம்பலும், பருப்பு வடை, வாங்கிய கேக். ரொட்டிக்கு 2 கிலோ கோதுமை மா, நடுத்தரத் தேங்காய் 4, வழித்த தேக்கரண்டி 6 உப்பு; 35 வரை வரும். குளிர்ந்த தண்ணீரில் பிசைந்தால் ஓரம் வெடிக்கும், கை பொறுக்கும் சூட்டில் ஊற்றி அரை மணித்தியாலம் மூடி வையுங்கள். தண்ணீர் ஒரு லீற்றருக்குள் அடங்கும், தேங்காயிலும் ஈரம் உண்டு. சுட்டதும் துணி விரித்த சட்டியில் அடுக்கி மூடாவிட்டால் பத்து நிமிடத்தில் அட்டையாகிவிடும். வடைக்கு 1 கிலோ கடலைப்பருப்பு, நாலு மணித்தியாலம் ஊறினால் போதும். இரவு முழுக்க ஊறினால் எண்ணெய் குடிக்கும். தேங்காயெண்ணெய்ப் போத்தல் உறைந்திருக்கும், முதலே வெந்நீரில் நிறுத்துங்கள். இட்லி, தோசை யோசிக்கவே வேண்டாம், உங்கள் குளிரில் ஒரே இரவில் மா பொங்குவதை நம்ப முடியாது.

பகல் இரண்டரைக்குத் தொடங்கி ஆறுக்கு முடியுங்கள், ஹட்டன்காரர்கள் இருட்டும் முன் கிளம்பலாம். குளிருக்காகக் கதவை அடைத்துக் கரிச்சட்டி மூட்ட வேண்டாம். அந்தப் புகையில் வரும் காபன் மொனொக்சைட்டுக்கு மணமே இல்லை, ஆள் மயங்கிய பிறகுதான் தெரியும். சூட்டுக்குச் சால்வையும் இஞ்சித் தேத்தண்ணியும் போதும். டிசம்பர் வடகீழ்ப் பருவமழைக் காலம். உங்கள் பக்கமோ அவர்கள் வரும் பாதையிலோ தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்தின் மண்சரிவு எச்சரிக்கை இருந்தால் தயங்காமல் தள்ளி வையுங்கள். தேயிலை காற்றுப் புகாத டின்னில் இருக்கும், தேங்காயும் மாவும் கேக்கும் மட்டும் முதல் நாள் வாங்கினால் போதும்.