டாமி ஜான்: ஆள் பெரிதா, ஆபரேஷன் பெரிதா? (கேள்வி பதில்)

போன வாரம் ஒரு பேஸ்பால் பிட்சருக்கு (பந்து எறிகிறவருக்கு) "டாமி ஜான் சர்ஜரி" என்று செய்தி வந்ததும், டாமி ஜான் என்றால் டாக்டரா, நோயா என்று நிறைய பேர் கேட்டிருந்தீர்கள். வந்த கேள்விகளுக்கு மொத்தமாக இங்கே பதில் சொல்லிவிடுகிறேன்.

கேள்வி: அண்ணா, எனக்குக் கிரிக்கெட் மட்டும்தான் தெரியும். யார் இந்த டாமி ஜான்?

டாக்டரும் இல்லை, நோயும் இல்லை, நோயாளி! 1943-ல் இண்டியானாவில் பிறந்த இடக்கை பிட்சர். 1963-ல் கிளீவ்லாந்து அணியில் தொடங்கி 1989-ல் நியூயார்க் யாங்கீஸில் முடித்தார், மொத்தம் 26 சீசன், 288 வெற்றிகள். (பேஸ்பாலில் ஒவ்வொரு ஆட்டத்தின் வெற்றியையும் ஒரு பிட்சரின் பெயரில் எழுதுவார்கள், நம் ஊரில் கேப்டன் கணக்கில் எழுதுகிற மாதிரி.) முழங்கை ஜவ்வு கிழிந்த அவருக்கு ஆபரேஷன் செய்தவர் டாக்டர் ஃபிராங்க் ஜோப். முதல் நோயாளியின் பெயரே அதற்கு நிலைத்துவிட்டது.

கேள்வி: நம் பவுலர்களுக்கு முதுகும் முட்டியும்தானே போகும்? இவர்களுக்கு ஏன் முழங்கை?

கிரிக்கெட்டில் வீசும்போது முழங்கையை மடக்கி நீட்டினால் "எறிகிறான்" என்று நோபால் கொடுத்துவிடுவார்கள். பேஸ்பாலில் எறிவதுதான் வேலையே. ஓடி வரவும் முடியாது, மேட்டில் நின்ற இடத்திலிருந்து 60 அடி 6 அங்குல தூரத்துக்கு எறிய வேண்டும். கை பின்னால் மல்லாந்து போய் முன்னால் திரும்புகிற அந்தக் கணத்தில் முழங்கையின் உள்பக்கம் பிளந்துகொள்ளப் பார்க்கும், அதைப் பிடித்து வைத்திருப்பது மேல்கை எலும்பையும் முன்கை எலும்பையும் இணைக்கிற ஒரு சின்ன ஜவ்வு. ஒரு ஆட்டத்துக்கு நூறு தடவை, வருஷக்கணக்கில் இதே இழுப்பு என்றால் ஒருநாள் அது விட்டுத்தான் போகும்.

ஜானுக்கு விட்டது 1974 ஜூலை 17. லாஸ் ஏஞ்சலஸ் டாட்ஜர்ஸுக்காக மான்ட்ரியல் அணிக்கு எதிராக ஆடிக்கொண்டிருந்தார். அந்த சீசனில் அதுவரை 13 வெற்றி, 3 தோல்வி, உச்சத்தில் இருந்த நேரம். அந்தக் காலத்தில் இந்த ஜவ்வு கிழிந்தால் வேறு வேலை தேட வேண்டியதுதான்.

கேள்வி: அப்படி என்னதான் செய்தார் அந்த டாக்டர்?

உங்கள் கட்டைவிரலையும் சுண்டுவிரலையும் சேர்த்து வைத்து, மணிக்கட்டைக் கொஞ்சம் உள்ளே மடக்கிப் பாருங்கள். நடுவில் கயிறு மாதிரி ஒன்று புடைத்துக்கொண்டு நிற்கிறதா? சிலருக்கு அது பிறவியிலேயே இருக்காது, இல்லாவிட்டாலும் கைக்கு ஒரு குறையும் வராது. 1974 செப்டம்பர் 25 அன்று ஜானின் வலது கையிலிருந்து அந்தத் தசைநாணை எடுத்து, இடது முழங்கை எலும்புகளில் துளை போட்டு, கட்டில் கயிறு கோப்பது போலக் கோத்துக் கட்டினார் ஜோப். திரும்பவும் பந்து வீச நூற்றில் ஒரு வாய்ப்பு என்று முன்கூட்டியே சொல்லியிருந்தார்.

பலர் சொல்லாமல் விடுவது இதற்குப் பிறகு நடந்ததைத்தான். நரம்பு பாதித்து இடது கை விரல்கள் மடங்கிப்போய், அந்த டிசம்பரில் இரண்டாவது ஆபரேஷனும் நடந்தது. 1975 முழுக்க ஒரு ஆட்டம்கூட ஆடவில்லை. உடலியக்கம் பற்றிப் படித்த மைக் மார்ஷல் என்கிற பிட்சர் அதே அணியில் இருந்தார், அவரிடம் வீசும் முறையையே மாற்றிக் கற்றுக்கொண்டார் ஜான். 1976-ல் திரும்பி வந்து 10 வெற்றி, 10 தோல்வி. அடுத்த வருஷம் 20 வெற்றி!

கேள்வி: இந்த ஆபரேஷன் செய்தால் வேகம் கூடும் என்கிறார்களே?

கூடாது. கூடியது போலத் தெரிந்தால் அதற்குக் காரணம் ஒன்றரை வருஷம் ஓய்வும் உடற்பயிற்சியும்தான். ஜான் எப்போதுமே வேகத்தை நம்பியவர் இல்லை. அவருடைய ஆயுதம் சிங்கர், அதாவது மட்டைக்கு அருகில் வந்து தாழ்கிற பந்து, அடித்தால் தரையோடு உருண்டு ஃபீல்டர் கையில் போய் உட்காரும். 4,700 இன்னிங்ஸுக்கு மேல் வீசி (பேஸ்பாலில் ஒரே ஆட்டத்தில் ஒன்பது இன்னிங்ஸ்) 2,245 ஸ்டிரைக் அவுட்தான், அதாவது பந்தை அடிக்க விடாமலே ஆளை அவுட்டாக்குவது, எடுத்திருக்கிறார், அதாவது இரண்டு இன்னிங்ஸுக்கு ஒன்றுகூட இல்லை. 5,714 எடுத்த வேகப் பிட்சர் நோலன் ரயன் பக்கத்தில் வைத்தால் இது ஒன்றுமே இல்லை. ஆனால் ஆபரேஷனுக்கு முன் 124 வெற்றி, பின் 164. ஒரே சீசனில் 20-ஐத் தொட்ட மூன்று தடவையும் (1977, 1979, 1980) புதுக் கையோடுதான். என்னைக் கேட்டால், வேகத்தை நம்பாத ஆள் முதல் நோயாளியாக வாய்த்தது ஜோப்புக்கும் அதிர்ஷ்டம்.

கேள்வி: டல்லாஸில் அக்கா மகன், 13 வயது, பிட்சர். "இப்பவே செஞ்சிட்டா கை பலமாயிடும்"னு அவன் நண்பனின் அப்பா சொல்றாராம். நிஜமா?

ஐயோ, வேண்டவே வேண்டாம். நல்லா இருக்கிற ஜவ்வை யாராவது வெட்டுவார்களா? அக்காவை பந்து எண்ணிக்கையைக் கவனிக்கச் சொல்லுங்கள். அமெரிக்க பேஸ்பால் அமைப்புகளின் வழிகாட்டுதல்படி 13, 14 வயதுக்கு ஒரு நாளைக்கு 95 பந்துதான் உச்சவரம்பு, 66-ஐத் தொட்டாலே நாலு நாள் ஓய்வு. வருஷத்தில் குறைந்தது நாலு மாசம் போட்டிகளில் பிட்ச் செய்வதையே விட்டுவிட வேண்டும். வலிக்கிறது என்று பையன் சொன்னால் அன்றைக்கே நிறுத்திவிட்டு டாக்டரிடம் போகட்டும்.

கேள்வி: ஜவ்வே இல்லாமல் ஒருத்தர் ஆடினாராமே, கதையா?

கதை இல்லை, ஆர். ஏ. டிக்கி என்கிற பிட்சர். 1996-ல் அவரைச் சேர்த்துக்கொள்ள டெக்சாஸ் ரேஞ்சர்ஸ் அணி 8,10,000 டாலர் தருவதாக இருந்தது, பரிசோதனையில் ஜவ்வே இல்லை என்று தெரிந்ததும் 75,000 ஆகிவிட்டது. பிறகு சுழலாமல் தள்ளாடிப் போகும் நக்கிள்பாலைக் கற்று, 2012-ல் சிறந்த பிட்சருக்கான சை யங் விருது வாங்கினார்.

கேள்வி: இவ்வளவு செய்தும் ஜான் ஏன் ஹால் ஆஃப் ஃபேமில் இல்லை?

ஹால் ஆஃப் ஃபேம் என்பது பேஸ்பால் ஜாம்பவான்களுக்கான கௌரவப் பட்டியல். அதில் சேரப் பத்திரிகையாளர்கள் ஓட்டில் 75 சதவீதம் வேண்டும், 15 வருஷம் பட்டியலில் இருந்தும் மூன்றில் ஒரு பங்கைக்கூட எட்டவில்லை. 300 வெற்றி இருந்தால் அநேகமாக இடம் உறுதி, இவருக்கு 12 குறைவு. 1974-ல் பாதியும் 1975 முழுதும் போகாமல் இருந்திருந்தால் தாண்டியிருப்பார் என்பது என் கணக்கு. சீசன் முடிவில் சாம்பியனைத் தீர்மானிக்கிற உலகத் தொடரும் கைகொடுக்கவில்லை. 1977, 1978 இரண்டிலும் டாட்ஜர்ஸில் இருந்து யாங்கீஸிடம் தோற்றார், சரி என்று யாங்கீஸுக்கே போனால் 1981-ல் டாட்ஜர்ஸிடம் தோல்வி! அதிலும் ஆறாவது ஆட்டம், 1-1 என்று சமமாக இருந்தபோது நாலாவது இன்னிங்ஸிலேயே அவரை எடுத்துவிட்டார்கள், அணி 9-2 என்று தோற்றது. இன்றைக்கும் அந்த முடிவை என்னால் ஜீரணிக்க முடியவில்லை.

கேள்வி: சீரியஸாகவே போகிறதே, சிரிக்க ஏதாவது?

1988 ஜூலை, மில்வாக்கி அணிக்கு எதிராக யாங்கீஸுக்கு ஆடினார் ஜான். மெதுவாக உருண்டு வந்த பந்தைத் தடுமாறி விட்டார், அது முதல் பிழை. எடுத்து அவசரமாக எறிந்தது எங்கேயோ போனது, இரண்டு. அதை ஃபீல்டர் திருப்பி எறிய, நடுவில் புகுந்து பிடித்து மறுபடியும் தப்பாக எறிந்தார், மூன்று. ஒரே பந்தில்! அன்றைக்கு 45 வயது. ஆட்டத்தில் ஜெயித்தது யாங்கீஸ்தான், வெற்றியும் அவர் பெயரிலேயே எழுதப்பட்டது.