பழைய சூப்பர் மாரியோ வீடியோ கேமை இன்னும் புகழ்கிறார்களே, வெறும் சிறுவயது ஏக்கம்தானா?

ஏக்கமும் உண்டு, மறுக்கவில்லை. ஆனால் 1985-இல் வந்த சூப்பர் மாரியோ பிரதர்ஸ் மொத்தமே சுமார் 40 கிலோபைட்தான். இடத்தை மிச்சம் பிடிக்க, மேகத்தின் படத்தையே பச்சையாக்கிப் புதராக வைத்தார்கள்! முதல் கட்டத்தில் மாரியோ இடப்பக்கம் நிற்பான், வலப்பக்கம் வெற்றிடம். நடந்தால் எதிரே கூம்பா என்ற குட்டி எதிரி வரும். இடித்தால் சாவு, குதித்தால் தப்பிக்கலாம். ஒரு வரி விளக்கம் கிடையாது.

இப்போதைய பல கேம்களில் முதல் அரைமணி நேரம் 'இந்தப் பட்டனை அழுத்து' பாடம்தான். எனக்குப் பொறுமை போய்விடும். எல்லாமே அப்படியில்லை, சரி. 2017-இல் வந்த செல்டா: பிரெத் ஆஃப் தி வைல்டில் மழை பெய்தால் பாறை வழுக்கும், இடி இடிக்கும்போது இரும்பு வாள் வைத்திருந்தால் மின்னல் நம் தலையில்தான். செத்தபிறகுதான் எனக்கு அது புரிந்தது.